கூரை இருந்தால் வரி

எங்கள் நகராட்சி வருவாய்ப் பிரிவில் அவரை எல்லோரும் ‘டேப்பு’ என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே மட்டும் அண்ணன். வீடுகளை அளந்து சொத்து வரி போடுவதும், கட்டாதவர்களிடம் போய் வசூலிப்பதும் அவர் வேலை. அவர் சொல்லும் அளவை எழுதிக்கொள்வது என் வேலை. அடி வாங்குவது இரண்டு பேருக்கும் பொது என்றாலும் முன்னால் நின்று வாங்குகிறவர் அவர்தான்.

மாடி கட்டி மறைத்த ஒருவன் படியிலிருந்து தள்ளிவிட்டதில் முன்பல் போயிற்று. குடோனை வீடு என்று கணக்குக் காட்டிய வியாபாரி நாயை அவிழ்த்துவிட்டதில் கெண்டைக்கால் சதை போயிற்று. ஒரு அம்மாள் மேலிருந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினாள். அண்ணி பஞ்சையும் கட்டுத்துணியையும் மளிகைச் சாமானோடு சேர்த்தே வாங்கிவைப்பார். காலையில் நான் வண்டியை நிறுத்தியதும், “தம்பி, இன்னைக்கு எந்தத் தெரு?” என்று கேட்டுவிட்டுத்தான் சட்டையை எடுத்துக் கொடுப்பார். மோசமான தெரு என்றால் பழைய சட்டை.

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. “கட்டும்போது இனிச்சுது, அளக்கும்போது கசக்குதா?” என்று கேட்டு, வேண்டிய மட்டும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

எங்கள் ஊரில் கூரைக்குக் கீழே இருக்கிற பரப்புக்குத்தான் வீட்டு வரி. வெட்டவெளிக்குக் கிடையாது. அளந்த பரப்பைத் தெருவின் மதிப்போடும் கட்டடத்தின் வகையோடும் கணக்குப் பார்த்து, அரையாண்டு வரி போட்டு, ஒரு எண் கொடுத்து பில் அனுப்புவோம். அளக்கும்போது டேப்பின் பூஜ்ய நுனியை வீட்டுக்காரர்தான் பிடிக்க வேண்டும் என்பது அண்ணன் வைத்த சட்டம். நாங்களே பிடித்தால் ‘இழுத்துப் பிடிச்சு ஏத்திட்டாங்க’ என்று மேல்முறையீட்டுக்கு வந்து நிற்பார்கள்.

வரி போடுங்கள் என்று தானாகக் கேட்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். ஒரு தையல்காரி. புருஷன் செத்ததும் அவனுடைய அண்ணன், லாரி டிரைவர், அவளையும் மகளையும் முன்வீட்டிலிருந்து பின்னறைக்குத் தள்ளியிருந்தான். இப்போது அங்கிருந்தும் விரட்டப் பார்த்தான். அந்த அறை அவள் புருஷன் கட்டியது. அதற்கு வரி எண் இல்லை. தனி எண் கிடைத்தால் தனியாக மின்சாரம் வாங்கலாம், கோர்ட்டில் காட்டக் கையில் ஒரு ரசீது இருக்கும். கிடைக்காவிட்டால் தாயும் மகளும் தெருவில்தான்.

நாங்கள் போனபோது அவன் அந்த அறையின் கூரைமேல் கடப்பாரையோடு நின்றான். போன வருஷம் முன்வீட்டை அளக்க வருகிறோம் என்று தெரிந்ததும் வாசல் தகரக் கூரையைக் கழற்றிவிட்டு வரியைக் குறைத்துக்கொண்டவன் அவன். கூரை போனால் வரி எண்ணும் போய்விடும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். முதல் சிமெண்ட் ஷீட்டு உடைந்து தையல் மிஷின்மேல் விழுந்தது.

“மாமா, வேணாம் மாமா! புள்ள பயப்படுது!” என்று அவள் கத்தினாள்.

“புள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடு. இல்ல, ரெண்டு பேரையும் இங்கயே புதைச்சிடுவேன்.”

அண்ணன் மேலே பார்த்தார். “டேய், கொஞ்சம் மெதுவா உடை. நான் அளந்து முடிச்சிக்கிறேன்.”

“போலீசைக் கூப்பிடலாம்ணே” என்றேன்.

“கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள இவன் கூரையை முடிச்சிடுவான். அப்புறம் எதை அளக்கிறது, உன் மூஞ்சியையா?”

போனில் சொல்லிவிட்டு, மகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு உள்ளே போனோம். நுனியை நான் பிடிக்கிறேன் என்றேன்.

“நீ பிடிச்சா செல்லாது. நீங்க பிடிங்கம்மா. அந்த மூலை. என்ன விழுந்தாலும் விட்டுடாதீங்க.”

அவள் மூலையில் குந்திக்கொண்டாள். அவன் வேண்டுமென்றே அந்த மூலைக்கு மேலே வந்து இடித்தான். உடைந்த விளிம்பு அவள் தலையைக் கிழித்தது. ரத்தம் புருவத்தில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. அவள் இரண்டு கையாலும் நுனியைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அண்ணன் நீளத்தைக் கத்தினார். நான் எழுதிக்கொண்டேன்.

அகலத்துக்கு இழுத்து, அளவைப் பார்க்க அண்ணன் குனிந்து முகத்தைத் திருப்பினார். அப்போது அடுத்த ஷீட்டு நொறுங்கியது. ஒரு சில்லு அவருடைய வலது கண்ணில் இறங்கியது. முதலில் அகலத்தைச் சொன்னார், அப்புறம்தான் அலறினார்.

டிரைவர் ஓட்டை வழியாக உள்ளே குதித்து, கீழே கிடந்த அண்ணன்மேல் கடப்பாரையை ஓங்கினான். நான் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். ஒரே உதையில் சுவரோடு போய் விழுந்தேன். தையல்காரி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் தாடையில் அடித்தாள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்தவனை மறுபடியும் அடித்தாள். மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது நான்தான் எழுந்து போய்த் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

அவன் தாடையில் கட்டோடு, ஜாமீனில் வந்த கையோடு மிச்ச ஷீட்டுகளையும் பிரித்து, சில்லுகளையும் அள்ளிப் போட்டுவிட்டு மேல்முறையீடு செய்தான். பின்பக்கம் கூரையே இருந்ததில்லை, வெறும் சுவர்கள்தான், அளவு பொய் என்று மனு. கூடவே சுவர்களும் ஆகாயமும் தெரிகிற போட்டோ. அக்கம்பக்கத்தில் ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை, அவனுக்குப் பயந்தார்கள்.

விசாரணை அறையில் அதிகாரி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நுனியை அந்தம்மாவே பிடிச்சிருக்காங்க, சரி. ஆனா கூரை இருந்துச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்? நீங்க ரெண்டு பேரும் நம்ம ஆபீஸ் ஆளுங்க. உங்க பேச்சு எடுபடாதே.”

தையல்காரி மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அண்ணன் எழுந்தார். கண்ணில் சுற்றியிருந்த கட்டை மெதுவாக அவிழ்த்தார். அதிகாரியின் மேஜைக்கு மேலே குனிந்து முகத்தைக் காட்டினார். கண் இருந்த இடத்தில் சிவந்த குழிதான் இருந்தது.

“கூரையே இல்லன்னா, என் கண்ணுல விழுந்தது என்ன சார், வானமா?”

அதிகாரி போட்டோவை ஒதுக்கி வைத்துவிட்டு, மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தையல்காரி அவர் கையிலிருந்த துணியை வாங்கி, அழுதுகொண்டே அவர் தலையைச் சுற்றி மறுபடியும் கட்டிவிட்டாள். அண்ணன் அசையாமல் நின்றார்.

“பில்லு வரும்” என்றார். “நாள் தள்ளாம வந்து கட்டிடுங்கம்மா. இல்லன்னா வசூலுக்கு நான்தான் வரணும்.”