வெள்ளைக் குதிரைக்குப் பிறக்காத குட்டி

எங்கள் மாமன் ஈமு கோழி வளர்த்துக் கெட்டவர். எங்கள் பக்கத்தில் அப்படிக் கெட்டவர்கள் நிறையப் பேர் என்பதால் அது தனியாகச் சொல்லிக்கொள்ளும்படியான சங்கதி இல்லை. மற்றவர்கள் பறவைகள் போன பிறகு கம்பிவலையைப் பிரித்து எடைக்குப் போட்டுவிட்டார்கள். மாமன் போடவில்லை. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் வலை, இரும்புக் கேட்டுகள், தண்ணீர்த் தொட்டிகள், முட்டை பொரிக்கும் மிஷின் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறை எல்லாம் வீட்டை ஒட்டிய எங்கள் மேட்டுக்காட்டில் அப்படியே நின்றன. "இத்தனை வேலி சும்மா கெடக்குது, எதையாச்சும் உள்ள அடைக்கோணுமே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஊரில் அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. ஈமு என்றுதான் சொல்வார்கள். பால் சொசைட்டியில் அவர் கேனைக் கீழே வைப்பதற்குள் "ஈமு வந்தாச்சு, எந்திரிச்சு எடம் குடுங்கப்பா, பறந்துறப் போகுது" என்று ஒரு குரல் வரும். அவரும் சிரித்துவிட்டுப் பாலை ஊற்றுவார். ஆனால் பெண் கேட்டுப் போன ஊர்களிலும் அந்தப் பெயர் அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்கு மேல் பெண் கிடைப்பது, கோடையில் போர் போட்டுத் தண்ணீர் கிடைப்பது மாதிரி.

போதாததற்கு நாங்கள் வேறு இருந்தோம். அப்பா லாரியில் போனவர், ஒரு விபத்தில் திரும்பி வரவில்லை. அதிலிருந்து அம்மாவும் நானும் மாமன் வீட்டில்தான். அம்மா கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்வந்தாள். தாலியறுத்த அக்காவும் அவள் பிள்ளையும் இருக்கும் வீட்டுக்குப் பெண் கொடுப்பவர்கள் ஒன்றுக்கு நான்கு தடவை யோசிப்பார்கள். இதை நான் இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு இது தெரியாது. நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மாமன் வீட்டில் ஒரு குதிரையும் ஒரு குட்டியும் இருந்தன என்பதுதான் எனக்குத் தெரிந்த பெரிய விஷயம்.

குதிரை, செங்கல் சூளையில் வண்டி இழுத்து ஓய்ந்த செவலை. இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு காது பாதி கிழிந்திருக்கும். சூளைக்காரர் ஓட்டிவிட இருந்ததை மாமன் பிடித்து வந்தார். வந்த பிறகுதான் அது சினை என்று தெரிந்தது. போட்ட குட்டி, கரிய நிறத்தில், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டோடு, பார்ப்பவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கும்படி வளர்ந்தது.

அந்தக் குட்டியிலிருந்துதான் மாமனுக்கு யோசனை வந்தது. குதிரை வாங்க வேண்டும் என்றால் எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் அந்தியூருக்குப் போவார்கள். அங்கே பெரிய குதிரைகளுக்குத்தான் கூட்டம். குட்டிகளுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி வைத்தால் என்ன, பிடித்தவர்கள் அங்கேயே விலை பேசி வாங்கிப் போகட்டுமே என்றார். வேலி தயாராக இருந்தது. தரகர் ஒருவர் கூடச் சேர்ந்துகொண்டார். அவர் மாட்டுத் தரகு, கல்யாணத் தரகு இரண்டும் பார்ப்பவர். கண்காட்சியைக் கேள்விப்பட்டதும் அவருக்குத் தன் பங்குக்கு ஒரு யோசனை வந்தது. ஜலகண்டாபுரத்தில் தறி வைத்திருக்கும் ஒருவர் குதிரைப் பிரியர், கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். அவரைக் குட்டி பார்க்க அழைத்து வந்தால், அப்படியே மாப்பிள்ளையையும் பார்த்துவிடுவார். ஊர் திரண்டு நிற்க நடுவில் மைக்கோடு நிற்கும் ஆளை யார் ஈமு என்பார்கள்?

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தார்கள். மாமன் ஒரு மாதம் தூங்கியதாக எனக்கு நினைவில்லை. கூண்டுகளில் மரத்தூள் பரப்பினார். தொட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்தார். குட்டி வைத்திருப்பவர்களை எடப்பாடியிலிருந்து மோகனூர் வரைக்கும் மொபெட்டில் போய்ப் பார்த்து வந்தார். முதல் பரிசு பித்தளைக் குடம், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு. பரிசு சொல்ல ஒரு டாக்டரை ஏற்பாடு செய்தார். நாமக்கல் பக்கத்தில் டாக்டர் என்றால் கோழி டாக்டர். நல்ல மனிதர்தான், ஆனால் ஆயுசு முழுக்கக் கோழிகளைப் பார்த்தவர். கண்காட்சியில் முதல் கூண்டுக்கு வந்ததும் பழக்கத்தில் "ஷெட்ல எத்தனை உருப்படி?" என்று கேட்டார். "ஒண்ணே ஒண்ணுங்க" என்றார் குட்டிக்காரர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

மொபெட்டில் பிளாஸ்டிக் குடம் விற்கும் ஒரு நண்பரிடமிருந்து மாமன் கை மைக் ஒன்று வாங்கி வந்திருந்தார். சிவப்பு வாய் வைத்த கூம்பு, பேட்டரி போட்டது, தோளில் மாட்ட வார் உண்டு. அதைத் தொட்டால் கை இருக்காது என்று என்னிடம் சொல்லிவிட்டார். காலையிலிருந்து அதில் அவர் குரல் காடெல்லாம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் முதலில் 'கிர்' என்று ஒரு சத்தம், பிறகு மாமன். கிர். "குட்டிகளுக்குப் பின்னால நிக்காதீங்க." கிர். "மோர் பந்தல் கெழக்கால இருக்குதுங்க."

தரகர் இரண்டு ஏற்பாடுகளைச் சொல்லியிருந்தார். ஒன்று, செவலையைக் காட்டக் கூடாது. இந்தத் தாய்க்கா இந்தக் குட்டி என்று ஆகிவிடும். அதனால் சங்ககிரியில் ஒரு லாரி முதலாளியிடம் வெள்ளைப் பெட்டைக் குதிரை ஒன்றை ஒரு நாள் இரவல் வாங்கி, குட்டிக்குப் பக்கத்துக் கூண்டில் நிறுத்தினார்கள். தாயும் குட்டியும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார்கள். இரண்டாவது ஏற்பாடு அம்மாவும் நானும். மாப்பிள்ளை ஒற்றை ஆள், பிக்கல் பிடுங்கல் இல்லை என்று ஜலகண்டாபுரத்தில் தரகர் சொல்லி வைத்திருந்தார். மாமன் அதற்கு ஒப்பவில்லை. முந்தின நாள் இருவருக்கும் வாக்குவாதம். அம்மாதான் நடுவில் வந்து முடித்தாள். "ஒரு நாளுதானே. நானும் பையனும் செவலையோட மிஷின் ரூமுல இருந்துக்கறோம். அது கனைக்காமப் பாத்துக்கோணுமில்ல, அதுக்கும் ஆள் வேணும்."

எனக்கு அது பெரிய பொறுப்பாகத் தெரிந்தது. ஊரே வேடிக்கை பார்க்கும் இடத்தில் என்னிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஊறவைத்த கொள்ளை ஒரு பக்கெட்டில் வைத்துக்கொண்டு, செவலையின் வாய் காலியாகாமல் பார்த்துக்கொண்டேன். அம்மா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். பழைய பண்ணைச் சேலைதான் கட்டியிருந்தாள். நான் நடுநடுவே சுவரின் மேலிருந்த வலை ஜன்னலில் தொற்றிப் பார்த்தேன்.

கூட்டம் நன்றாகவே வந்தது. பால் சொசைட்டி ஆட்கள் எல்லோரும் வந்து, சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எடப்பாடிக்காரர் ஒருவர் வளர்ந்த மட்டக் குதிரையைக் கொண்டுவந்து குட்டி என்று சாதித்தார். அதை மட்டும் டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். பல்லைப் பார்த்துவிட்டு "இது குட்டி இல்லீங்க, இதுக்கே பேரன் பேத்தி இருக்கும்" என்றார். "வளத்தி பத்தாத குட்டிங்க, கொஞ்சம் மனசு வையுங்க" என்றார் அவர்.

ஜலகண்டாபுரத்துக்காரர் காரில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, அதிகம் பேசாத மனிதர். குட்டியின் நெற்றிச் சுழியைப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வீட்டுக் கூரையைப் பார்த்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். மாமன் மைக்கில் பேசும்போது ஓரமாக நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தரகர் முகத்தில் வெளிச்சம் அடித்தது.

"தாயையும் குட்டியையும் ஏனுங்க வேலி வெச்சுப் பிரிச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"கண்காட்சி இல்லீங்களா, தனித்தனியாப் பாத்தாத்தான் எடுப்பா இருக்கும்" என்றார் தரகர்.

"சேத்து உடுங்க. குட்டி பால் குடிக்கற அழகப் பாக்கோணும்."

"இப்பத்தானுங்க குடிச்சுது."

"மறுக்காக் குடிக்கட்டும். நமக்கென்ன அவசரம்?"

மாமன் தரகரைப் பார்த்தார். பிறகு நடுக் கேட்டைத் திறந்துவிட்டார். குட்டி காலையிலிருந்து பசியோடு நின்றது போல. வெள்ளைக் குதிரையின் அருகே போய் மூக்கை நீட்டியது. அது காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, குட்டியின் பிடரியில் ஒரு கடி கடித்தது. குட்டி அலறியது.

அறைக்குள் செவலை மெல்வதை நிறுத்தியது. அம்மா கைநிறையக் கொள்ளை அள்ளி வாயில் திணித்தாள். அது தலையை ஒரு உதறு உதறிவிட்டுக் கனைத்தது. அந்த அறைக்குள் அந்தச் சத்தம், கூரையே பெயர்ந்துவிடும் போலிருந்தது. குட்டி திரும்பியது. திறந்து கிடந்த வெளிக் கேட்டு வழியாகப் பாய்ந்தது. டாக்டர் நாற்காலியோடு சாய்ந்தார். எங்கள் தகரக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கட்டுக்கம்பிதான். குட்டி முட்டியதில் கதவு திறந்துகொண்டது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய்ச் செவலையின் மடியில் வாயை வைத்து, வாலை ஆட்டிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது.

பின்னாலேயே கூட்டமும் வந்தது. ஜலகண்டாபுரத்துக்காரர் வாசலில் நின்று பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க தரகரே, குட்டி பொறந்த சேதிய அந்த வெள்ளைக் குதிரைக்கு யாரும் சொல்லலீங்களா?" என்றார். பால் சொசைட்டி ஆட்களுக்குக் காலையிலிருந்து காத்திருந்தது கிடைத்துவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவர் பார்வை அம்மா மேல் வந்தது. அம்மா மேலெல்லாம் வைக்கோல். பக்கெட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"இவிய யாருங்க?"

"வேலைக்கு வர்ற அம்மாங்க. பக்கத்து ஊரு" என்றார் தரகர்.

"ஆமாங்க" என்றாள் அம்மா.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குதிரை மாற்றி வைத்ததைப் போல இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று நினைத்து, நானும் தலையை ஆட்டினேன்.

மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். மைக் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை அதன் பிடியில் இருந்தது. வாய்க்கு நேராகத் தூக்கக்கூட இல்லை, மார்பருகேதான் இருந்தது. கிர் என்றது.

"எங்கக்காங்க. கூடப் பொறந்த அக்கா. இவன் அக்கா பையன். ரெண்டு பேரும் என்ற கூடத்தான் இருக்கறாங்க. இனியும் இருப்பாங்க."

சத்தம் காடு முழுக்கப் போனது. மோர் பந்தலில் இருந்தவர்கள், குட்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள், ரோட்டில் சைக்கிளை நிறுத்தியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மறுபடி கிர் என்றது. "குட்டிக்குத் தாயும் இந்தச் செவலைதானுங்க. மன்னிச்சுக்கோணும்."

ஜலகண்டாபுரத்துக்காரர் கோபிக்கவில்லை. கொடுத்த மோரை முழுக்கக் குடித்தார். "குட்டி நல்ல குட்டிதானுங்க" என்று மாமனிடம் சொன்னார். அம்மாவைப் பார்த்து "வாரனுங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

அன்றைக்கு மூன்று நான்கு குட்டிகள் விலை போயின. பித்தளைக் குடம் மோகனூர்க் குட்டி ஒன்றுக்குப் போனது. கூட்டம் கலைந்த பிறகு தரகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏப்பா, மெல்ல அவரு காதுல சொல்லியிருந்தாக்கூட, அக்காவுக்குத் தனியா ஒரு ஊடு பாத்து வெக்கறோம், கிக்கறோம்னு நான் ஏதாச்சும் பேசி ஒப்பேத்தியிருப்பனே. மைக்குலயா சொல்றது? ஊரு பூராக் கேட்டத எப்படி மாத்திப் பேசறது?"

"அவருகிட்டத்தானுங்க சொன்னேன். மைக்கு ஆன்ல இருந்தத மறந்துட்டேன்" என்றார் மாமன்.

அம்மா அவரிடம் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, தட்டைப் பார்த்தபடியே "அந்தக் கருமம் புடிச்ச மைக்க அமத்தியிருக்கக் கூடாதா?" என்பாள். அவர் "மறந்துட்டேங்கா, உடு" என்பார். நான் மைக்கின் மேல்தான் கோபமாக இருந்தேன். அதை என்னிடம் கொடுத்திருந்தால் நேரத்துக்கு அணைத்திருப்பேன் என்று உண்மையாகவே நினைத்தேன். மற்றபடி எனக்குச் சந்தோஷம்தான். குட்டி விற்காமல் எங்களோடு இருந்தது.

பால் சொசைட்டியில் அவரை மைக்கு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஈமு என்ற பெயர் போய்விட்டது. அந்த வகையில் கண்காட்சி பலித்தது. மாமனுக்குக் கல்யாணமும் ஆனது, ஆனால் அதற்குள் நான் பத்தாம் வகுப்பே முடித்துவிட்டேன். அத்தை வந்த பிறகும் நாங்கள் அதே வீட்டில்தான் இருந்தோம். என்னைக் காலேஜுக்கு அனுப்பியதும் மாமன்தான். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் படி ஏறியவன் நான்.

இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. போன மாதம் விளையாட்டு விழாவில், ஓட்டப்பந்தயத்துக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும் வேலையை என்னிடம் கொடுத்து, கையில் ஒரு மைக்கையும் கொடுத்தார்கள். சிவப்பு வாய் வைத்த கூம்பு, தோளுக்கு வார். மாமன் வைத்திருந்த அதே ஜாதி. சின்ன வயதில் தொட முடியாததைத் தொட்ட சந்தோஷத்தில், ஸ்விட்சைத் தள்ளிவிட்டு, வாய்க்கு நேராக வைத்து இரண்டு தடவை கத்தினேன். ஒரு சத்தமும் வரவில்லை. பேட்டரி இல்லை என்று நினைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வரிசையில் நின்ற ஒரு பெண் பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்படிக் கேக்காதுங்க சார். புடியில ஒரு பட்டன் இருக்குது பாருங்க. அத அமுக்கிப் புடிச்சுக்கிட்டே பேசோணும். வெரல எடுத்தா நின்னுரும்."

விரலை வைத்து அழுத்தினேன். முதலில் கிர் என்றது.