நோன்பு நாளில் அப்பா கொண்டுவந்த பால்

அப்பாவின் இந்த நினைவு மலரில் மூத்த மகன் எழுதுவது முறைதானா என்று உறவினர் ஒருவர் தம்பியிடம் கேட்டாராம். நான் இஸ்லாத்தைத் தழுவியவன் என்பதால் வந்த கேள்வி. அப்பா காதில் அது விழுந்திருந்தால், "அவன் எழுதாம வேற எவன் எழுதுவான்?" என்று ஒரே போடாகப் போட்டிருப்பார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது செமோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பதினான்கு வயதிலேயே ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனார். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும் எங்களை ஈப்போவுக்கு அழைத்து வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாக நின்று இருவரையும் படிக்க வைத்தார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் சமையலும் அவரே. ரசம் மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

நான் மதம் மாறியதைச் சொன்ன அன்று அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு யாருடா கொள்ளி வைப்பா?" என்று மட்டும் கேட்டார். பிறகு மூன்று மாதம் ஒரே வீட்டில் இருந்தும் பேசவில்லை. எனக்குச் சோறு மட்டும் மூடி வைத்திருப்பார்.

அப்போதுதான் என் முதல் நோன்பு வந்தது. தொழுகையே எனக்கு இன்னும் தடுமாறும்; பக்கத்தில் நிற்பவரை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் குனிவேன். ஒருநாள் மதியம் தலைசுற்றிக் கூடத்தில் படுத்திருந்தேன். அப்பா ஒரு கிளாஸ் பாலும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார்.

"குடி. விரதம்னா பால், பழம் சாப்பிடலாம்லா. சஷ்டிக்கு நான் அப்படித்தானே இருக்கேன்?"

"இதுல தண்ணிகூடக் கூடாதுப்பா."

"தண்ணிகூடவா? அட முருகா!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பா பேசிவிட்டார்!

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு முக்கில் இருந்த பாய் கடைக்குப் போய், கடைக்கார அண்ணனிடம் எல்லாவற்றையும் விசாரித்து வந்தார். ஹலாலாகச் சமைக்க எனக்கென்று தனியாகப் புதுச் சட்டி வாங்கினார். மறுநாள் முதல், விடியலுக்கு முன்பே நான் நோன்புக்குச் சாப்பிட, "எழுந்திரு, பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுவது போலக் கதவைத் தட்டுவார். சாயங்காலம் நான் நோன்பு திறக்கும்வரை அவரும் தேத்தண்ணி தொடமாட்டார். "நீ காய்ஞ்சு கெடக்க, நான் மட்டும் குடிக்கிறதா?" என்பார். என்னை நோன்பில் நிலைக்க வைத்தவர், கடைசிவரை முருகனைக் கும்பிட்ட என் அப்பாதான்.

போன வருடம் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் இருவரையும் அருகே கூப்பிட்டார்.

"கொள்ளிய சின்னவன் வைக்கட்டும். பெரியவனே, நீ என்னைத் தூக்கு. தலமாட்டுல நில்லு. உங்க சாமி அதுக்குக் கோச்சுக்காதுல்ல?"

"கோச்சுக்காதுப்பா. பள்ளிவாசல்ல கேட்டுட்டேன்."

"கேட்டுட்டியா? கெட்டிக்காரன்லா நீ," என்று சிரித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார். சொன்னபடியே தலைமாட்டில் நின்று தூக்கினேன்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சுடுகாடுவரை உடன் நடந்த பாய் கடை அண்ணனுக்கும், பந்தல் முதல் பாத்திரம்வரை சுமந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. முறையா என்று கேட்டவருக்கும் கோபமில்லாத நன்றி.

தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. இந்த வருடம் முதல் நோன்பு அன்று, நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரத்துக்குச் சரியாக ஒரு கிளாஸ் பாலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அவன் அதுவரை தேத்தண்ணி குடித்திருக்கவில்லை.