குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

எங்கள் அப்பா இருமல் டானிக்கைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவார். அப்பேர்ப்பட்டவருக்குத்தான் குடியை விடச் சொல்லி அய்யனார் கோயிலில் கயிறு கட்டினார்கள்.

நான் அப்போது ஆறாவது படித்தேன். அப்பாவுக்குக் கண் மஞ்சளாகி, கால் வீங்கி, சோளக்கொல்லை வரப்பில் நாலடி நடந்தாலே மூச்சு வாங்கியது. கீழாநெல்லிக்கும் கேட்கவில்லை. அம்மா பருத்தி எடுக்கப் போய்விட்டதால் துணைக்கு என்னை அழைத்துக்கொண்டு திருச்சி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் பொறுமையாக விளக்கினார். கிருமிகளைக் கரைக்க உடம்பு சுரக்கும் நொதி நுரையீரலையே கரைத்துவிடாமல் இருக்க, ஈரல் ஒரு புரதத்தைச் செய்து அனுப்புமாம். அப்பாவுக்கு அந்தப் புரதம் கோணலாகி ஈரலுக்குள்ளேயே தேங்கிவிட்டது. தேங்கியதில் ஈரல் கெட்டது. வந்து சேராததில் நுரையீரல் அரிபட்டது.

"பரம்பரையா வர்றதுங்க. பிள்ளைங்களுக்கும் பாதி போயிருக்கும். பாதி மட்டும்னா பெரும்பாலும் ஒன்னும் பண்ணாது."

குடித்துத்தான் இப்படி ஆகிவிட்டார் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. இனி எல்லார் வாயையும் அடைத்துவிடலாம் என்று எனக்கு ஒரே குதூகலம். அரியலூர் தாண்டியதும் அப்பா சொன்னார்: "இத வூட்டுல சொல்லாத பாப்பா. அம்மாகிட்டகூட."

ஈரல் கெட்டிருக்கிறதாம் என்று மட்டும் வீட்டில் சொன்னார். பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "குடிக்காம ஈரல் எப்படிடா கெடும்?" என்றார். அம்மா அழுதாள். மறுநாள் கோயிலில் அப்பா, இனி தொடமாட்டேன் என்று தொடாத ஒன்றுக்குச் சத்தியம் செய்து கையை நீட்டினார்.

திரும்பும்போது எல்லாரும் விறுவிறுவென்று முன்னே போய்விட்டார்கள். அவர் நின்று நின்று தனியாக வந்தார். நான் மட்டும் காத்திருந்து, "ஏம்ப்பா சொல்லல?" என்றேன். "மூச்சு வாங்குது, அப்பறம் பேசலாம்" என்றார். கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அடுத்த வாரம் அக்காவைப் பெண் பார்க்கத் திருமானூரிலிருந்து வந்தார்கள். "தம்பிக்குக் கொஞ்சம் குடிப்பழக்கம். இப்ப கயிறு கட்டியாச்சு" என்றார் பெரியப்பா.

"எந்த வூட்டுலதான் இல்ல?" என்று சிரித்தபடி மாப்பிள்ளையின் அப்பா தட்டை மாற்றிக்கொண்டார். எனக்கு அழுகையாக வந்தது.

குடிகாரர் வீட்டில் பெண் எடுப்பார்கள், ரத்தத்தில் நோய் ஓடும் வீட்டில் எடுக்கமாட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. அக்காவுக்குப் பின் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதையும் அப்பாதான் நினைத்துப் பார்த்திருக்கிறார்.