கவருக்கும் கியருக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்

பழவேற்காடு ஏரியின் நடுவில், மாலை மூன்று மணி வாக்கில், கையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். படகுக்காரர் எட்டியப்பன் நிறுத்தினார். காற்று இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே வெளுப்பாக இருந்தன. இரண்டும் சேரும் கோடு தெரியவில்லை. தூரத்தில் கையால் இறால் தடவிக்கொண்டிருந்த நான்கு பேர், இடுப்பு வரை வெளிச்சத்தில் புதைந்தவர்களைப் போல நகர்ந்தார்கள்.

"இன்னா மேஸ்திரி, நல்லாத்தானே ஓடிச்சி?" என்றார்.

நன்றாகத்தான் ஓடியது. ஆனால் வேகம் கூட்டியதும் எஞ்சினின் முன்பக்கம் மெல்லிய உராய்வு கேட்டது, காகிதத்தை நகத்தால் கீறுவதுபோல. வேகத்தைக் குறைத்தால் அது இல்லை. அன்று காலை நான் மாட்டிய டைமிங் கவர் அந்தப் பக்கம்தான் இருந்தது.

டைமிங் கவர் என்பது எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இணைக்கும் பல்சக்கரங்களை மூடியிருக்கும் அலுமினிய மூடி. எட்டியப்பனுடைய பழைய கவரை உப்பு அரித்து ஓட்டையாக்கியிருந்தது. அந்த மாடலுக்கு இப்போது புதுக் கவர் வருவதில்லை. சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் வேறு மாடல் கவர் கிடைத்தது. போல்ட் ஓட்டைகள் எல்லாம் சரியாக உட்கார்ந்தன. உள்பக்கம் மட்டும் ஒரு மேடு சற்றுத் தடிப்பாக இருந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். போல்ட் பொருந்திவிட்டால் கவரும் பொருந்திவிட்டது என்று நினைப்பார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. எட்டியப்பனின் மனைவி செங்கேணியிடம் ஓர் உருண்டை மைதா மாவு கேட்டேன். இதற்குக் களிமண்ணும் உதவும். ஆனால் ஏரிச் சேற்றில் கிளிஞ்சல் தூள் இருக்கும், எஞ்சினுக்குள் போகக்கூடாது.

"எஞ்சினுக்கும் பசிக்குதா மேஸ்திரி?" என்று கேட்டபடி பிசைந்து கொடுத்தார்.

கிராங்க் கியரின் முகத்தில் மாவை ஒட்டி, மேலே எண்ணெய் தடவி, அடைப்புத் தாளான கேஸ்கெட்டோடு கவரை முடுக்கினேன். கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றினேன். அழுந்திய மாவை பிளேடால் வெட்டி அளந்தால், கவருக்கும் கியருக்கும் இடையிலுள்ள இடைவெளி தெரியும். ஒரு மில்லிமீட்டர். போதும் என்றேன்.

மறுநாள் விடியலில் எட்டியப்பனுக்குப் பாடு. இறால் அதிகம் வரும் இடங்களில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று ஊர் முறை வைத்திருக்கிறது. அதைத்தான் பாடு என்கிறோம். நீரோட்டம் திரும்புவதற்குள் கழி நட்டு வலை கட்டியாக வேண்டும். தவறினால் அடுத்த சுற்று வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். போன சுற்றைக் காய்ச்சலில் படுத்துத் தவறவிட்டிருந்தார்.

உராய்வு கேட்ட பிறகு எஞ்சினை ஓட்ட நான் சம்மதிக்கவில்லை. கோல் ஊன்றியே திரும்பினோம். ஏரி ஆழமில்லை, கோல் சேற்றில் இறங்கும் சத்தமும் மேலே வரும் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. நகர்கிறோமா, நின்ற இடத்திலேயே நிற்கிறோமா என்று பல முறை சந்தேகமாக இருந்தது.

கரையில் கவரைத் திறந்தேன். தடித்த மேட்டில் பளபளவென்று ஒரு பிறைக் கீறல். மறுபடி மாவு வைத்து அளந்தேன். அதே ஒரு மில்லிமீட்டர்.

"மாவு சரின்னுது, கீறல் இல்லைன்னுது. நான் எத்த நம்பறது?" என்றார் எட்டியப்பன்.

குனிந்து கவரை மறுபடி பார்த்தேன். கையிலிருந்து நழுவிய ஒரு நட் படகின் அடியில் விழுந்து, உருண்டு பின்பக்கம் போய் நின்றது. அதைப் பார்த்ததும் புரிந்தது. எங்கள் கரையில் படகை விடும்போது அணியத்தை, அதாவது முன்பக்கத்தை, மேட்டில் ஏற்றிவிடுவோம். படகு பின்னோக்கிச் சரிந்து நிற்கும். உள்ளே கிராங்கும் அதோடு பின்னால் சரிந்து உட்கார்ந்திருக்கிறது. நான் அளந்தது அந்த நிலையில். தள்ளலை நடுவில் தாங்கிக்கொள்ள இந்தப் படகில் கியர்பாக்ஸ் இல்லை. வேகமெடுத்தால் புரொப்பல்லரின் தள்ளல் நேராக வந்து கிராங்கை முன்னால், கவரை நோக்கி நெட்டும்.

கிராங்கின் பின்முனையில் சுழலும் கனத்த சக்கரமான பிளைவீலுக்குப் பின்னால் கடப்பாரையைக் கொடுத்து முன்னால் நெம்பினேன். கிராங்க் நகர்ந்தது. நகரக்கூடாத அளவு நகர்ந்தது. கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தது.

உள்ளதைச் சொன்னேன். வாஷர் மாற்ற எஞ்சினை இறக்க வேண்டும், நான்கு நாள் ஆகும். மேட்டை அரத்தால் ராவிவிட்டால் நாளை ஒரு நாள் ஓட்டலாம். அதுவும் பாதி வேகத்தில். அதிகமாக ராவினால் கவர் வெடிக்கும்.

எட்டியப்பன் செங்கேணியைப் பார்த்தார்.

"பாதி வேகம்னா முன்னாடியே கெளம்பு. அவ்ளோதானே," என்றார் செங்கேணி.

ராவ ஆரம்பித்தேன். அலுமினியத் தூள் மடியில் வெள்ளையாக விழுந்தது. பொழுது சாயும் நேரத்தில், எட்டியப்பனிடம் கிராங்கை முன்னால் நெம்பிப் பிடிக்கச் சொல்லி மறுபடி மாவு வைத்தேன். இந்த முறை முக்கால் மில்லிமீட்டர் காட்டியது.

மறுநாள் எட்டியப்பன் விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். நான் கரைக்குப் போனபோது பனி ஏரியை மூடியிருந்தது. படகு தெரியவில்லை, எஞ்சின் சத்தம் மட்டும் எங்கிருந்து என்று சொல்ல முடியாமல், ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு அது சட்டென்று நின்றது. போய்ச் சேர்ந்ததால் நின்றதா, கவர் உடைந்து நின்றதா? பனியில் எதுவும் தெரியவில்லை. எனக்கு முன்பே கரைக்கு வந்து நின்றிருந்த செங்கேணி என் பக்கம் திரும்பவே இல்லை. நேரம் போனதே தெரியாமல் நின்றோம்.

செங்கேணியின் போன் அடித்தது. கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கழி நட்டாச்சி மேஸ்திரி," என்றார் எட்டியப்பன். "தண்ணி இன்னும் திரும்பல."

அதற்குப் பிறகு எந்தக் கவரை மாற்றினாலும் இரண்டு முறை அளக்கிறேன். கிராங்கைப் பின்னால் இழுத்து ஒரு முறை, முன்னால் தள்ளி ஒரு முறை. இரண்டில் குறைந்ததைத்தான் படகுக்காரரிடம் சொல்கிறேன்.