கீரியில் கட்டிப் புரளும் வகுப்பு

ஆளை நிலத்தில் விழுத்தி எழும்பவிடாமல் அமத்துவதற்குப் பாடம் எடுக்கிறவனுக்கு, முதல் வேலையே ஆட்களை நிலத்தில் படுக்கச் சம்மதிக்க வைப்பதுதான். கட்டாரில் காவல் வேலை பார்த்தபோது பழகிய கிராப்ளிங் என்ற நிலத்து மல்யுத்தத்தை, இப்போது எங்கள் கடலோர ஊரான கீரியில் ஒரு பழைய வலைக் கொட்டிலில் பாய் விரித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். எதையாவது நாலு பேருக்குப் படிப்பிக்கிற பாவப்பட்ட சீவன்களே, உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

ஆமை

நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கொம்பனியில் வேலை செய்யும் ஜெசிந்தா சேர்ந்த முதல் மாதம். கீழே அகப்பட்டவர் முழங்காலும் முழங்கையும் ஊன்றி, தலையை உள்ளே இழுத்துக் குனிந்துகொள்வதை ஆமை என்போம். அது தங்குமிடம் இல்லை. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு உடனே வேறு பிடிக்கு மாறிவிட வேண்டும். ஜெசிந்தாவோ ஆமையானால் அசையவே மாட்டா. "கெதியா மாறுங்கோ, கழுத்தைப் பிடிச்சிடுவினம்!" என்று தொண்டை வறளக் கத்தினேன். கைகளுக்குள் இருந்து அமைதியாகக் குரல் வந்தது:

"ஆமை ஓடினதை நீங்கள் எங்கயாவது கண்டனீங்களோ, மாஸ்டர்?"

வயிற்றில் முழங்கால்

சில மாதம் கழித்து அவவின் புருஷன் அன்ரன் வந்து நின்றார். கடல் தொழில் செய்கிறவர். "பொம்பிளை நிலத்தில உருளுறது வடிவில்லை. கூட்டிக்கொண்டு போக வந்தனான்" என்றார்.

ஜெசிந்தா சண்டை பிடிக்கவில்லை. "ஒருக்காப் படுங்கோ, பிறகு போவம்" என்றா. அவர் சிரித்துக்கொண்டே படுத்தார். வயிற்றில் ஒரு முழங்காலை வைத்தா. அன்ரன் அதைத் தள்ள, தலைப்பக்கமாகச் சுற்றி மறுபக்கம் போய் மற்ற முழங்காலை வைத்தா. மூன்று தரம் அப்படி. வலை இழுக்கிற கை அது, எனக்குத்தான் பயம். நாலாம் தரம் அவர் தள்ளவில்லை. ஒரு மாணவி போய்விட்டா என்றே நினைத்தேன். அன்ரன் எழும்பி சேட்டில் ஒட்டின தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"இதுக்குள்ள இருந்து வெளிய வாற வழியை எனக்கும் காட்டுங்கோ மாஸ்டர். நாளைக்கு வாறன்."

வவுனியாவில் ஒரு நிமிடம்

போட்டிக்கு வவுனியா போனோம். இறுதிச் சுற்றில் ஜெசிந்தா புள்ளியில் முன்னுக்கு நின்றா; ஒரு நிமிடம்தான் மிச்சம். பக்கத்திலிருந்து அமத்திக்கொண்டிருந்தவ, நெஞ்சில் ஏறி இருக்கக் காலைத் தூக்கினா. ஒரு பிடி விட்டு மறு பிடி வருவதற்குள்தான் எங்கள் விளையாட்டில் எல்லாம் கவிழும். எதிராளி அவவின் கையைப் பிடித்து நீட்டி, முழங்கையைப் பூட்டிவிட்டா. பாயில் தட்டினால் பிடியை விடுவினம், ஆனால் தோல்வி; தட்டாவிட்டால் கை முறியலாம். "தட்டாத!" என்று அன்ரன் கத்தினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன். ஜெசிந்தா மற்றக் கையால் பாயில் இரண்டு தரம் தட்டினா.

திரும்பி வரும்போது பஸ் மடுச் சந்தியைத் தாண்டியது. பிறகு அன்ரன் மெல்ல, "இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், கப் வந்திருக்கும்" என்றார். ஜெசிந்தா முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தா:

"கப்பை வச்சு நண்டு உடைக்கேலாதப்பா. கை வேணும்."

மாஸ்டர் சொல்லவேண்டியதையெல்லாம் மாணவியே சொல்லி முடித்துவிட்டாலும், கொட்டில் வாசல் பலகையில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது.