நரிக்குக் கொடுத்த மட்டன் றோல்

பகிடி பண்ணிச் சிரிக்க வைக்காமல் என்னால் இருக்க முடியாது. நண்பன் கண்ணனோடு விட்பி நகருக்கு அப்பால் உள்ள காட்டு விலங்குப் பூங்காவுக்குப் போனபோதும் அப்படித்தான். கயிறு கட்டி மறித்திருந்த பின்பக்கக் கூட்டில் ஒரு நரி பதுங்கியிருந்தது.

“உதுவும் உன்னை மாதிரிப் பயந்தாங்கொள்ளி மச்சான். நான் கூப்பிட்டா வரும், பார்.”

கயிற்றைத் தாண்டிப் போய், சாப்பிடக் கொண்டுவந்திருந்த மட்டன் றோலைக் கம்பிக்குள் நீட்டினேன். முதலில் பல்லைக் காட்டிய நரி, பிறகு மெல்ல வந்து தின்றது. கண்ணன் கைதட்டினான். சத்தம் கேட்டு, அங்கு வேலை செய்யும் தமிழ்ப் பிள்ளை ஓடிவந்தாள்.

“அண்ணா, சாப்பாடு குடுத்தனீங்களோ?”

“ஓம் தங்கச்சி. எங்கட றோல் உங்கட நரிக்கு நல்லாப் பிடிச்சிருக்கு.”

அவள் சிரிக்கவில்லை. “கார் அடிச்சு வந்தது. சுகமாக்கி, வாற கிழமை காட்டில விட இருந்தம். ஆக்களைக் கண்டா ஓடவேணும் எண்டு நாங்களே ஒளிச்சு நிண்டுதான் சாப்பாடு வைக்கிறம். இனி ரோட்டோரம் ஆக்களைத் தேடிப் போகும். இப்ப விடேலாது.”

நரி கம்பியில் மூக்கை வைத்து, இன்னும் கிடைக்குமா என்று என்னையே பார்த்தது. என்னால் தலை நிமிர முடியவில்லை.

இப்போது மில்லிக்கனில் எங்கள் வீட்டுப் பின்வளவுக்கு நரி வந்தால், சட்டியைத் தட்டித் துரத்துகிறேன். அது பயந்து ஓடுவதைப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறேன்.