வடிவக்கா போட்ட ஒன்று

போன மாதம் எங்கள் கம்பெனிக்குப் பரீட்சை வந்தது.

டெல்லி கரோல் பாக்கில் தண்ணீர் பம்ப் விற்கும் கம்பெனி. புனேக்காரர்கள் எங்களை வாங்கப் போகிறார்கள். வாங்குமுன் நேரில் வந்து பார்ப்பார்களாம். அந்த நாளுக்கு நாங்கள் எவ்வளவு தயார் என்று அளக்க ஒரு கன்சல்டன்ட் வந்தார். கையில் நாற்பது கேள்விகள் கொண்ட ஃபாரம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். ஐந்து என்றால் பச்சை, ஒன்று என்றால் சிவப்பு. மார்க் போடுவது யார்? நாங்களேதான். பரீட்சை எழுதுகிறவனே பேப்பரும் திருத்தினால் ஃபெயில் ஆவானா என்ன?

பன்னிரண்டு துறைத் தலைவர்கள். பர்ச்சேஸுக்கு நான். ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டே போனேன். இருபத்தேழாவது கேள்விதான் கொஞ்சம் இடித்தது. 'நீங்கள் பத்து நாள் வராவிட்டாலும் உங்கள் துறை தடையில்லாமல் நடக்குமா?' அதற்கும் ஐந்து. எல்லோரும் ஐந்து.

ஒருவரைத் தவிர. டிஸ்பாட்ச் பார்க்கும் சண்முகவடிவு... எங்களுக்கு வடிவக்கா. எந்த பம்ப் எந்த லாரியில் எந்த ஊருக்கு என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் போட்டது ஒன்று.

ஜி.எம். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். தஞ்சாவூர்க்காரர், டெல்லிக்கு வந்து முப்பது வருஷம்.

"என்ன மேடம் இது? ஷீட் முழுக்கப் பச்சை, நீங்க மட்டும் சிவப்பு. பர்ச்சேஸைப் பாருங்க, எவ்வளவு பாசிட்டிவ். ஜல்தி மாத்திக் குடுங்க."

"உள்ளதத்தான் எழுதினேன் சார். கூட ஒரு ஆளு குடுங்கன்னு ரெண்டு வருசமா கேக்கேன். குடுத்தீங்களா?"

"அச்சா, அதை அப்புறம் பார்ப்போம். இப்ப அஞ்சு போடுங்க."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேனா? வெட்கமாகத்தான் இருக்கிறது — திறக்கவில்லை.

வடிவக்கா ஒன்றை அடித்துவிட்டு ஐந்து போட்டார். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்திலேயே ஜி.எம். கையெழுத்துப் போட்டார்.

மை காயுமுன் வடிவக்கா ஹேண்ட்பேக்கிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். பத்து நாள் லீவு. திருநெல்வேலியில் மகளுக்குத் தலைப்பிரசவம். பிறந்த வீட்டுக்கு வர டாக்டர் அனுமதிக்கவில்லை. அம்மாதான் போக வேண்டும். 'நீங்க இல்லாம டிஸ்பாட்ச் ஓடாது' என்று ஜி.எம். இரண்டு முறை திருப்பி அனுப்பிய அதே லீவு.

"புனேக்காரங்க வர்ற வாரத்துலயா? நீங்க இல்லாம எப்படி..."

"ஓடும்னு இப்பத்தான சார் கையெழுத்துப் போட்டீங்க?"

லீவை மறுத்தால் ஐந்தை அழிக்க வேண்டும். ஜி.எம். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் லீவுக்குக் கையெழுத்து விழுந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது, அதையும் செய்யவில்லை.

புனேக்காரர்கள் வந்தார்கள். ஜெய்ப்பூர் போக வேண்டிய பம்புகள் லூதியானாவில் இறங்கிய செய்தி, நல்லவேளை, அவர்கள் கிளம்பிய பிறகுதான் வந்தது. வந்தவர்களில் மூத்தவர் எங்கள் பச்சை ஷீட்டை நிதானமாகப் படித்தார். இருபத்தேழில் விரலை வைத்துக்கொண்டு ஹிந்தியில் கேட்டார்: "ஆக, உங்களில் யார் இல்லாவிட்டாலும் இங்கே வேலை நடக்கும்?"

ஜி.எம். பெருமையாகத் தலையாட்டினார். மூத்தவர் தன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

வடிவக்காவுக்குப் பேரன் பிறந்திருக்கிறான், தாயும் சேயும் நலம். இங்கே ஐந்து போட்ட மற்ற பதினோரு பேரும் அன்றிலிருந்து ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.